டவர் இல்லாத மலையிலும் வழி தெரியும்

டவர் போய்விட்டால் மேப்பும் போய்விடும் என்றுதான் கிராமங்களில் பலரும் நினைக்கிறார்கள். மலைப்பாதையில் வண்டி ஏறும்போது போன் வழி காட்டிக்கொண்டே வரும். நாலு வளைவு தாண்டியதும் திரை வெறுமையாகிவிடும். ‘இனிமே இது உதவாது’ என்று போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த நேரத்திலும் தான் நிற்கும் இடம் போனுக்குத் தெரியும். சுற்றியுள்ள சாலைகளின் படம்தான் அதனிடம் இல்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே, இவை ஓயாமல் சிக்னல் அனுப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் கார்டும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ரேடியோ பெட்டியைப் போல, வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான் போனின் வேலை. ஆனால், மேப் படம் இன்டர்நெட் வழியாகத்தான் வருகிறது. அதை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டால், டவர் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி சாலையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இது சுற்றுலா போகிறவர்களுக்கான சங்கதி மட்டும் அல்ல. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் விளையும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஓர் ஊரில், கொஞ்சம் சாமையும் மிளகும் வைத்துப் பிழைக்கும் குடும்பம். வீட்டில் இருந்தது ஒரே மாடு. தலைச்சன் கன்றுக்கு நிறைசினை. ஒரு மழைநாள் மாலையில் பனிக்குடம் உடைந்தது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, கன்று வரவில்லை. டவர் கிடைக்கும் பாறை வரைக்கும் ஓடிப்போய், அந்த விவசாயி கால்நடை மருத்துவரை அழைத்தார்.

பனிக்குடம் உடைந்து ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் கன்று வராவிட்டால், மருத்துவ உதவி கட்டாயம் வேண்டும். மருத்துவரும் உடனே கிளம்பினார். பாதி வழியில் டவர் போய்விட்டது. மூடுபனி வேறு. சாலை பிரியும் இடத்தில் வழி கேட்க ஆள் இல்லை. வேறு பாதையில் போய், ஊர் தவறி, திரும்பி வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிட்டது. மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. கன்று இல்லாமல் மாடு பாலை அடக்கிக்கொண்டது. அந்தப் பாலை நம்பித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார்கள்.

மருத்துவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குப் போகும் வழி ஊராரின் நினைவில் மட்டுமே இருந்தது. அதுதான் சிக்கல்.

விடுமுறைக்கு வந்த மகள் வாசலில் நின்று மேப்பைத் திறந்தார். நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்ததும், 11 என்றும் 78 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள் வந்தன. அவற்றைக் கொட்டகைக் கதவில் எழுதி வைத்தார். பாறைக்குப் போய் மருத்துவருக்கும் அனுப்பினார். மருத்துவர் தன் போனில் கொல்லிமலை முழுவதையும் டவுன்லோடு செய்துகொண்டார். அடுத்த ஈற்றில் கன்று நல்லபடியாக விழுந்தது. 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. இந்த முறை மருத்துவர் யாரிடமும் வழி கேட்காமல் வாசலில் வந்து இறங்கினார்.

கூகுள் மேப்பில் இதைச் செய்வது எளிது. டவரோ வைஃபையோ உள்ள இடத்தில், மேல் மூலையில் இருக்கும் வட்டமான படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ பகுதிக்குப் போக வேண்டும். புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊரும் கட்டத்துக்குள் வருமாறு வைத்து, டவுன்லோடு கொடுக்க வேண்டும். வழி முழுவதும் கட்டத்துக்குள் இருந்தால்தான் டவர் இல்லாதபோது வழி காட்டும். இறக்கிய மேப்புக்குக் காலக்கெடு உண்டு என்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வண்டிப் பாதைக்கு இது போதும். நடைபாதைக்கு ஆஃப்லைனில் வழி சொல்லாது. ஒற்றையடிப் பாதை வேண்டுமானால், ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளைப் பார்க்கலாம். அவையும் டவர் இல்லாமல் இயங்கும்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். டவர் இல்லாத இடத்தில் போன் முதல்முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். அடர்ந்த மரநிழலிலும் பள்ளத்தாக்கிலும் புள்ளி கொஞ்சம் விலகிக் காட்டும். வானம் தெரியும் வெட்டவெளியில் நின்று பார்ப்பது நல்லது. டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால், அப்போது அழைப்பு வராது என்பதை மறக்கக் கூடாது. எண்களை வரிசை மாற்றாமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதல் எண் 8 முதல் 13 வரையிலும், இரண்டாவது எண் 76 முதல் 80 வரையிலும் தொடங்கும். கொல்லிமலை எண்களை மாற்றிப் போட்டால், மேப் வட துருவம் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நேற்று பெய்த மழையில் மண் சரிந்ததையும், ஓடையில் வெள்ளம் வந்ததையும் இறக்கி வைத்த மேப் அறியாது. அதை மேலிருந்து இறங்கி வரும் பால்காரரிடமோ, ஊர்ப் பெரியவரிடமோதான் கேட்க வேண்டும்.

சந்தைக்கு வரும் நாளில், டவர் உள்ள இடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் மேப் கைக்கு வந்துவிடும். வீட்டுக்குத் திரும்பியதும், வீடு, கொட்டகை, கிணறு ஆகியவற்றின் எண்களைப் பார்த்துத் தாளில் எழுதி, கதவில் ஒட்டிவிட வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, மனிதர்களுக்கு 108. யாரை அழைத்தாலும் ஊர்ப் பெயரோடு இந்த எண்களையும் சொல்லலாம். சினை மாடு உள்ள வீடுகளும், கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ள வீடுகளும் மழைக்காலம் தொடங்கும் முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது.