குழலில் எடுத்த காடி

ரைஃபிள் குழலில் இரண்டு வகைக் காடிகள் உண்டு. ஒன்று உள்ளே: துளையின் சுவரில் திருகாக ஓடுவது. குண்டைச் சுழலவைத்து, அது தடுமாறாமல் நேராகப் போகச் செய்வது அதுதான். அதன் அவசியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ரைஃபிள் என்ற பெயரே அதனால் வந்தது. மற்றது வெளியே: குழலின் மேற்புறத்தில் நீளவாக்கில் வரிவரியாகத் தோண்டியெடுப்பது. சண்டை இதைப் பற்றித்தான். இது பயனுள்ளதா, வெறும் அலங்காரமா என்று துப்பாக்கிக்காரர்கள் நெடுங்காலமாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம்மிடையே அடிக்கடி நடக்கும் ஒரு சண்டைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிக்காடிக்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. எடை குறையும். பரப்பு கூடுவதால் சீக்கிரம் சூடு ஆறும். மூன்றாவது, குழல் இன்னும் விறைப்பாகும். இந்த மூன்றாவதுதான் விசித்திரமானது. எடுக்க எடுக்க உறுதி கூடும் என்பது கேட்பதற்குக் கவர்ச்சியான வாக்கியம். நல்ல விமர்சன வாக்கியம் போலவே இருக்கிறது.

மதுரையில் எனக்குப் பழக்கமான ஒரு கடைசல் பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டேன். கிணற்று மோட்டார், செக்கு, அரவை மெஷின் எல்லாவற்றுக்கும் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். துப்பாக்கியை அவர் தொட முடியாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி செய்வதற்கு மட்டுமல்ல, செப்பனிடுவதற்கும் உரிமம் வேண்டும். ஆனால் இரும்பு தெரியும். "எடுத்தாக் குறையத்தான் சார் செய்யும். எடுத்து எங்கயாச்சும் கூடுமா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஷாஃப்ட் முறிஞ்சா கீவே கிட்டதான் முறியும்" என்றார். சக்கரத்தைப் பூட்டுவதற்காக ஷாஃப்டில் வெட்டும் காடிக்குப் பட்டறையில் கீவே என்று பெயர். "அப்ப காடி எடுக்கிறது தப்பாண்ணே?" என்று கேட்டேன். "தப்புன்னு யாரு சொன்னா? மொதல்ல எத்தன எம்எம் ராடு போட்டாங்கன்னு கேளுங்க" என்றார்.

கணக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பியை 22 மில்லிமீட்டர் ஆக்கினால் எடை 21 சதவிகிதம் கூடும். விறைப்போ 46 சதவிகிதம் கூடும். எடை விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, விறைப்பு அதன் நான்காம் படியோடு வளர்கிறது. இப்போது அந்த 22 மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஆறு காடிகள் எடுத்து, எடையை மறுபடியும் 20 மில்லிமீட்டர் கம்பியின் எடைக்கே கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். இழப்பு விளிம்பில் நேர்வதால் விறைப்பு கணிசமாக விழும். தடித்த கம்பி தன் பழைய விறைப்பில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். ஆனாலும் அதே எடையுள்ள மெல்லிய கம்பியைவிட ஐந்தாறு சதவிகிதம் விறைப்பாக நிற்கும். நடுவே துளை இருப்பதைச் சேர்த்துக்கொண்டாலும் முடிவு அதிகம் மாறாது.

ஆக இரண்டு கட்சியும் உண்மையைத்தான் சொல்கின்றன. காடி எடுத்த குழலை, எடுப்பதற்கு முந்தைய அதே குழலோடு ஒப்பிட்டால் நஷ்டம். அதே எடையுள்ள ஒல்லிக் குழலோடு ஒப்பிட்டால் சிறு லாபம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் 'உறுதி கூடுகிறது' என்பவர் வியாபாரி.

சூட்டு விஷயமும் இப்படித்தான். பரப்பு கூடுவதால் ஆறுவது துரிதப்படும், வாஸ்தவம். ஆனால் உலோகம் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு வெடிக்கும் அது அதிகமாகவே சூடேறும். சீக்கிரம் ஆறுவது, சீக்கிரம் கொதிப்பவனுக்குரிய குணம்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. உட்காடிகளைச் செதுக்காமல், கடினமான ஒரு குமிழைத் துளைக்குள் அழுத்தி இழுத்துப் பதிய வைக்கும் முறை ஒன்றுண்டு. அப்படிச் செய்த எஃகுக்குள் ஓர் இறுக்கம் அடைபட்டிருக்கும். முறையாகச் சூடேற்றி அதைத் தணிக்காமல் மேற்புறத்தை வெட்டினால், இறுக்கம் அவிழ்ந்து உள்ளே துளை மிக நுண்ணிய அளவில் விரிந்துவிடும். வெட்டியது வெளியே, மாறியது உள்ளே. குண்டு தொட்டுச் செல்வது உட்பக்கத்தை.

எடை குறைப்பதற்கு ஒரு சரித்திர சாட்சியும் இருக்கிறது. 1944-இல் பிரிட்டிஷ் ராணுவம் கீழைநாட்டுக் காடுகளுக்காக லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் குறுக்கி, ஐந்தாம் எண் ரைஃபிளைக் கொண்டுவந்தது. குழலின் நீளத்தை வெட்டினார்கள்; குழலின் அடித்தடிப்பிலும் உடற்பகுதியிலும் உலோகத்தைச் சுரண்டினார்கள்; போல்ட் கைப்பிடியின் குமிழைக்கூடக் குடைந்தார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. 1948-க்குப் பின் மலாயாவின் அவசரநிலைக் காலத்தில், மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து போனவர்கள் பால்வெட்டிக்கொண்டிருந்த ரப்பர்க் காடுகளிலும் அந்தத் துப்பாக்கி திரிந்தது. தூக்கிச் சுமந்தவர்களுக்கு அது பிடித்தது. ஆனால் அதன் குறி ஓரிடத்தில் நிற்பதில்லை, இன்று சரிசெய்தால் நாளை விலகிவிடுகிறது என்று புகார் வந்தது. 1947-இலேயே உற்பத்தி நின்றது. புகார் மிகையானது என்று பிற்காலத்தில் வாதாடியவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒன்று தெளிவு: சுமப்பவனுக்கு லாபமானது குறிபார்ப்பவனுக்கு லாபமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் சமவெளியில் யாருக்கு இந்தக் காடி தேவை? வேட்டையாடிகளுக்கு என்பார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மலையேறி வேட்டை என்ற பேச்சே இல்லை. மிஞ்சுவது போட்டிக்குச் சுடுகிறவர். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் குழலுக்குக் காடி வேண்டுமா என்று மாதக் கணக்கில் யோசித்தார். ஆண்களுக்கான 50 மீட்டர் போட்டியில் 8 கிலோ வரை எடை அனுமதிக்கப்படுகிறது. அங்கே கனம் சுமையல்ல, துணை. கை நடுக்கத்தை அது விழுங்கிக்கொள்கிறது. அவருக்குக் காடியால் பிரயோசனமே இல்லை. "ஆனா பாக்க அழகா இருக்கே" என்றார். அது நேர்மையான காரணம். அழகுக்காகச் செய்வதை அழகுக்காக என்று சொல்லிவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. மீனாட்சி கோயில் வடக்கு ஆடி வீதியில் ஒரே கல்லைச் சிறுசிறு தூண்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பாரம் தாங்க ஒற்றைக் கல்லே போதும். அவர்கள் செதுக்கியது நாதத்துக்காக. அதை மறைக்கவும் இல்லை.

இனி நம் விஷயம். ஒரு வார்த்தை அதிகமில்லை என்பதுதான் கொஞ்ச காலமாக நாம் ஒருவருக்கொருவர் தரும் உச்சமான பாராட்டு. இளம் கவிஞன் கவிதையைக் கொண்டுவந்தால், பேனாவை எடுத்து நான்கு வரிகளை அடித்துவிட்டு, இப்போது இறுக்கமாயிற்று என்கிறோம். ஆகவில்லை. எடுத்ததனால் எதுவும் உறுதி பெறுவதில்லை. இருபது வரி அனுபவத்தைச் சுமந்தவன் எட்டு வரியில் நிற்கும்போது வரும் விறைப்பு வேறு. எட்டு வரிக்கு மட்டுமே சரக்குள்ளவன் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளும் ஒல்லி வேறு. அச்சில் இரண்டும் ஒரே எடைதான். அவன் எவ்வளவு தடித்த கம்பியில் ஆரம்பித்தான் என்று நாம் கேட்பதில்லை. அடித்துத் தள்ளிய வரிகளால் உள்ளே துளை எவ்வளவு விரிந்தது என்பதையும் பார்ப்பதில்லை.

வைகைக்கரைத் தோப்புகளில் பனைமட்டையைக் கவனித்திருப்பீர்கள். மேற்புறம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும், அடிப்புறம் திரண்டிருக்கும். அத்தனை பெரிய ஓலையை ஆடிக்காற்றிலும் தாங்குகிறது. அந்தக் காடியை யாரும் வெட்டவில்லை. மட்டை அதோடுதான் வளர்ந்தது. குறளின் ஏழு சீரும் அந்த ஜாதி என்றே நினைக்கிறேன்: நீண்டதை நறுக்கியதல்ல, அந்த அளவிலேயே பிறந்தது.

காடி எடுப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. தடித்த இரும்பு கையிலிருப்பவன், இறுக்கத்தை முன்கூட்டித் தணித்துக்கொண்டவன், நெடுந்தூரம் சுமக்க வேண்டியவன் எடுக்கட்டும்; ஐந்தாறு சதவிகிதமும் லாபம்தான். மற்றவர்கள் குழலை அப்படியே விட்டுவிட்டு, உட்காடி ஒழுங்காக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.