கிளிப்லெஸ் பெடலும் கேஷியர் தம்பியின் மணிக்கட்டும்

எங்கள் கிளையில் கேஷ் கவுன்டரில் உட்காரும் தம்பிக்குச் சொந்த ஊர் சித்தூர். வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசமே பதினாறாயிரம் ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிவிட்டான். தடி டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாந்தோப்புகளுக்கு நடுவே போகிற செம்மண் வண்டிப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு, திங்கட்கிழமை காலில் சிராய்ப்போடு வந்து நோட்டு எண்ணுவான். அவன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினான். "சார், கிளிப்லெஸ் பெடல் சார். மூணாயிரத்துக்கே கிடைக்குது. ரெண்டு மாசம் வெளியில டிபன் சாப்பிடாம இருந்தா வந்துடும்."

மலைச் சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கிற எல்லாருக்கும் சீக்கிரமோ தாமதமாகவோ இந்த ஆசை வரும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. ஆனால் காலைப் பூட்டிக்கொள்வதே இந்தப் பெடல்தான்! அந்தக் காலத்து ரேஸ் சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் கூண்டு மாதிரி ஒரு கம்பியும் தோல் வாரும் இருக்கும். பாதத்தை அதற்குள் நுழைத்து வாரை இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குப் பேர் டோ கிளிப். 1984-ல் பிரான்ஸ் நாட்டு லுக் கம்பெனி கூண்டே இல்லாத பெடலைக் கொண்டுவந்தது. பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டுகிற சாமான் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள், அந்த யோசனையையே சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் பெர்னார் ஈனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும் கூண்டின் காலம் முடிந்தது. கூண்டு போனாலும் "கிளிப் இல்லாதது" என்கிற பேர் மட்டும் நின்றுவிட்டது.

மண்பாதை ஓட்டுகிறவர்களுக்குச் சரியான பெடல் வந்தது 1990-ல், ஷிமானோவின் எஸ்பிடி. ஷூவின் அடியில் ரெண்டு போல்ட்டில் ஒரு சின்ன இரும்புத்துண்டு, அதுதான் கிளீட். முன்பாதத்தைப் பெடலில் வைத்து அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விடும். ரோடு சைக்கிள் ஷூவில் கிளீட் அடியில் துருத்திக்கொண்டிருக்கும், வாத்து மாதிரிதான் நடக்கணும். எஸ்பிடி ஷூவில் அது ரப்பர் அடிக்குள் பதுங்கி இருக்கும், ஓரளவு மனுஷன் மாதிரி நடக்கலாம். பாறை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற நம்ம ஆட்களுக்கு இதுதான் லாயக்கு. மூணு போல்ட் சாமானை யாராவது தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்த்தால் வாங்கிவிடாதீர்கள்.

சரி, மூணாயிரம் விஷயத்துக்கு வருவோம். பி.காம். படித்தவனிடம் விலையைச் சொன்னால் அடக்கவிலையைத்தான் கேட்பான். ஒரு பழைய சலான் பின்பக்கம் எழுதிப் பார்த்தோம். பெயர் தெரிந்த கம்பெனியின் அடிமட்ட எஸ்பிடி பெடல், ஷிமானோ எம்520 மாதிரி, அன்றைக்கு அவன் போனில் பார்த்தபோது மூவாயிரத்து ஐந்நூறு. அதற்குத் தோதான ஷூ ஆறாயிரம். சாதாரண ஷூவில் கிளீட் மாட்ட முடியாது, அடியில் துளை கிடையாது. கற்றுக்கொள்கிறவனுக்கு எஸ்.எச்.56 என்கிற தனிக் கிளீட் வேணும், அது ஆயிரத்துச் சொச்சம். ஆகமொத்தம் பதினோராயிரத்துக்குக் கிட்ட. பதினாறாயிரம் சைக்கிளுக்குப் பதினோராயிரத்தில் கால்பூட்டு! தம்பி கொஞ்ச நேரம் சலானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பணம்கூடப் பெரிசில்லை. அவன் வேலை என்ன? நாள் பூராவும் நோட்டு எண்ணுவது. மெஷின் இருந்தாலும் கட்டுப் பிரித்து அடுக்கிக் கட்டுவது கையால்தான். புரொபேஷன் வேறு முடியவில்லை. ஒருமுறை காணிப்பாக்கம் போன வழியில் அவன் வீட்டில் காபி சாப்பிட்டபோது அவங்க அம்மா சொன்னது இது: "நீங்க பெரியவங்க, நீங்களாச்சும் சொல்லுங்க சார். கையை ஒடிச்சுக்கிட்டு வந்தா வேலை என்ன ஆவறது?" அந்த அம்மாவுக்குப் பெடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பயம் சரியான இடத்தில்தான் இருந்தது. கிளிப்லெஸ்ஸில் புதிதாக ஓட்டுகிறவன் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. நிற்கும்போது விழுவான். ஏற்றத்தில் சைக்கிள் மூச்சு வாங்கி நின்றுபோகும். காலை ஊன்றணும் என்று நினைப்பு வரும், குதிகாலைத் திருப்பணும் என்கிற நினைப்பு அரை விநாடி கழித்துத்தான் வரும். அதற்குள் வாழைமரம் மாதிரிப் பக்கவாட்டில் சாய்வான். அப்போது தானாக நீளுவது கை. மணிக்கட்டுக்கு அங்கேதான் ஆபத்து.

எங்கள் பக்கத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். சித்தூர்ப் பக்கம் கருங்கல் குன்றும் செம்மண்ணும். திருப்பதிப் பக்கம் வந்தால் மலைக்கு மேல் அடுக்கடுக்காகக் குவார்ட்சைட் பாறை, உடைந்தால் கத்தி மாதிரி முனை. (திருமலை மலைப்பாதையில் கீழே பழைய கிரானைட், மேலே குவார்ட்சைட் என்று ரெண்டும் சேருகிற கோட்டைப் பார்க்கலாம். புவியியல்காரர்கள் அதற்கு நினைவுச்சின்ன அந்தஸ்தே கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ஏழுமலையானை நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.) வண்டிப்பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் ஆட்டு மந்தை. மாங்காய் சீசனில் தோத்தாபுரி ஏற்றிக்கொண்டு டிராக்டர். நினைத்த இடத்தில் டக்கென்று காலை ஊன்றியாகணும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெடலைவிட இது முக்கியம். சேஷாசலம் காடு 2010-லிருந்து உயிர்க்கோளக் காப்பகம். செம்மரக் காவல் வேறு. பாதை தெரிகிறது என்று அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே நுழைவது சரியில்லை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயசுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது, ஊரே உறைந்துபோனது. பலமநேர், குப்பம் பக்கம் போனால் கவுண்டின்யா சரணாலயத்து யானைகள். விடிகாலையில் தனியாக, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, காலையும் பூட்டிக்கொண்டு காட்டோரம் போவது வீரமில்லை. சந்திரகிரிக் கோட்டையைச் சுற்றி, காணிப்பாக்கம் பக்கம், ஏரிக்கரை என்று ஊரை ஒட்டின பாதைகளே கற்றுக்கொள்ளத் தாராளம்.

"பூட்டிக்கொண்டால் காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், இருமடங்கு சக்தி" என்று வீடியோக்களில் அடித்துவிடுகிறார்கள். நம்பாதீர்கள். நன்றாக ஓட்டுகிறவர்களும் சக்தியைப் பெரும்பாலும் கீழே அழுத்தும்போதுதான் கொடுக்கிறார்கள். கிளிப்லெஸ்ஸின் நிஜமான லாபம் வேறே. கல்லில் குதிக்கும்போது பாதம் பெடலைவிட்டு நழுவாது. நீண்ட தூரத்தில் பாதம் வைத்த இடத்திலேயே இருக்கும். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர், அதை ஒரு தரம் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதம் அங்கே இங்கே நகராமல் இருப்பதே எவ்வளவு நிம்மதி என்று.

ஆனால் மண்பாதையில் தட்டைப் பெடல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலிலேயே மூணு முறை டவுன்ஹில் உலகச் சாம்பியன் ஆனார், 2006, 2007, 2010. அப்புறம் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூணு வருஷம் என்டூரோ உலகத் தொடரையும் ஜெயித்தார். எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் காலைப் பூட்டிக்கொண்டவர்கள். தட்டைப் பெடலில் குதிகாலைத் தாழ்த்தி, கல் வரும்போது உடம்பை இலேசாக்கி ஓட்டத் தெரிந்தால்தான் பாதம் நிற்கும். அந்தப் பழக்கம் வராமலே பூட்டு மாட்டினால், பூட்டு அந்தக் குறையை மூடி வைக்கும், திருத்தாது.

தம்பி செய்தது இதுதான். முதலில் 1,500 ரூபாய்க்குள் அகலமான நைலான் தட்டைப் பெடல், மேலே குட்டிக் குட்டி ஆணி வைத்தது. கூடவே பழைய கான்வாஸ் ஷூ. மழைக்காலம் முழுக்க அதில்தான் ஓட்டினான். தை பிறந்து, புரொபேஷனும் முடிந்த பிறகு எம்520 வாங்கினான், ஷூ ஆடித்தள்ளுபடி மாதிரி ஒன்றில் மலிவாகக் கிடைத்தது. பெட்டியில் கூடவே வருவது எஸ்.எச்.51 கிளீட், பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். அதை எடுத்து வைத்துவிட்டு எஸ்.எச்.56 மாட்டினான். அது பல திசையிலும் விடும், பயந்துபோய்க் காலை மேலே இழுத்தால்கூடக் கழன்றுகொள்ளும். அனுபவசாலிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெடலில் சின்ன ஆலன் கீயால் ஸ்பிரிங்கைத் தளர்த்துகிற திருகும் உண்டு, ஆரம்பத்தில் ரெண்டு பெடலிலும், முன்னும் பின்னும், முழுக்கத் தளர்த்தி வைக்கணும். பெயரில்லாத எண்ணூறு ரூபாய்ப் பெடல்களில் இந்தத் திருகு இருந்தாலும் இல்லாத மாதிரிதான் வேலை செய்யும். அச்சும் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். அதற்குப் பதில் நல்ல கம்பெனிப் பெடலைப் பழசாக வாங்கலாம். கையில் பிடித்து அச்சைச் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு, ஆட்டம் இல்லாவிட்டால் போதும். கடைகண்ணிக்கும் அதே சைக்கிள்தான் என்றால் ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் பூட்டாக வரும் ஷிமானோ இஎச்500 மாதிரி இருக்கிறது, விலை கொஞ்சம் கூட.

மாட்டுவதில் ஒரே சூட்சுமம்: இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். ஸ்பேனரை மேலே நிற்க வைத்து முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் ரெண்டு பெடலும் இறுகும் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர் சைக்கிள் கடைத் தாத்தா எஸ்பிடியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல சின்னப் பசங்க எப்படிப்பா கால் வெப்பாங்க?" என்றார். ஆனால் மரையைத் தப்பாக ஏற்றவில்லை. கிரீஸ் தடவித்தான் ஏற்றினார்.

பழகியது முதலில் வீட்டு வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு. காலை மாட்டு, எடு, மாட்டு, எடு, ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது தடவை. அப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பதற்கு முன்பே ஒரு காலை எடுத்துவிடுகிற பழக்கம். ஒரு மாசத்துக்கு நெடுஞ்சாலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. மைதானத்து மணலில் ஒரே ஒரு தடவை சாய்ந்தான். முழங்கை சிராய்த்தது. மறுநாள் கவுன்டரில் வழக்கம்போல் உட்கார்ந்தான்.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட மலைச் சைக்கிள் அணியில் சேருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். 2009-லிருந்து இதற்கென்றே நைகா என்று ஒரு சங்கம் அங்கே நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பூட்டுப் பெடல் போட்டிருக்கிறான் என்று உங்கள் பெண்ணும் கேட்பாள். உடனே வாங்கிக்கொடுக்கிற வசதி உங்களுக்கு இருக்கலாம், அதுதான் கவலையே :-) பாதம் வளர்கிற வயசில் ஷூ ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிளீட்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவசரம் கூடாது. கட்டைவிரலின் அடிமூட்டுக்கு நேராக, அல்லது ஒரு நூல் பின்னால். கோணம் தப்பினால் முழங்கால் வலி நிச்சயம். நடக்கும்போது பாதம் இயல்பாக எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணம்தான் சரி. பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, வலித்தால் நகர்த்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கணும். மழை பெய்து செம்மண் களியானால் கிளீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் அடை மாதிரி ஒட்டிக்கொண்டு பூட்டவும் விடாது, கழற்றவும் விடாது. தம்பி ஒரு பழைய டூத் பிரஷை சீட்டுக்கடியில் பையில் வைத்திருக்கிறான்.

போன வாரம் ரெண்டு பேருமாகக் காணிப்பாக்கம் போனோம், அவன் சைக்கிளில், நான் ஸ்கூட்டரில். ஆறாயிரம் ரூபாய் ஷூவைக் கோயில் செருப்பு ஸ்டாண்டில் விட அவனுக்கு மனசே வரவில்லை. டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டவன், விநாயகர் முன்னால் நிற்கும்போதும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.