விட்டத்துக் குருவியும் மத்திய அலை ரேடியோவும்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் குருவிக்கென்று யாரும் இடம் ஒதுக்கியதில்லை. தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையே உள்ள பொந்து, சாமி படத்தின் முதுகுப்புறம் எல்லாம் அதன் அனுபோக பாத்தியதை. வைக்கோல், தேங்காய் நார், பாட்டி சீப்பிலிருந்து உருட்டிப் போட்ட முடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து செருகும். அதில் பாதி கூடத்தில் விழும். "இப்பத்தானே கூட்டினேன்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் கூட்டில் கை வைக்க யாரையும் விடமாட்டாள். குருவி குடியேறிய வீடு விளங்கும் என்பது ஊர் நம்பிக்கை.

குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் கூடத்து மின்விசிறி ஓடாது. சித்திரை வெயிலில் வந்த விருந்தாளிக்கும் பனையோலை விசிறிதான். நிலைக்கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, எல்லைக்குள் வேறு ஆண் குருவி நுழைந்துவிட்டதாக நினைத்து விடாமல் கொத்தும் சேவலுக்காகக் கண்ணாடிமேல் ஒரு துண்டு தொங்கும். அறுவடை முடிந்ததும் தாத்தா நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி இறவானத்தில் மாட்டுவார். பாட்டி முறத்தில் புடைக்கும்போது சிதறுகிற நொய்க்கு ஒரு கூட்டமே வந்து இறங்கும். தெருப் புழுதியில் அவை உடம்பைச் சிலிர்த்துக் குளித்தால் மழை வரும் என்பார்கள். சில சமயம் வரவும் செய்தது.

அந்தக் கூடத்து அலமாரியில்தான் மர்ஃபி ரேடியோ இருந்தது. மத்திய அலையில் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்பார் அப்பா. காலையில் 'பொங்கும் பூம்புனல்', விடுமுறை நாளில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் துள்ளும் குரல். சுவருக்குச் சுவர் கட்டியிருந்த ஏரியல் வலைப்பட்டையில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து கத்த, பாட்டும் கத்தலும் ஒன்றாகவே காதில் விழும். கடல் தாண்டி வந்த அலை அவற்றைத் தொந்தரவு செய்ததாக யாரும் நினைக்கவில்லை.

1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு பேசப்பட்டது. சில வருடங்களில் எங்கள் ஊர் எல்லையிலும் கோபுரம் எழுந்தது. குருவியும் குறைந்தது. "டவர் வந்துச்சு, குருவி போச்சு" என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 2018இல் வந்த '2.0' படமும் செல்பேசி அலைமீதே பழிபோட்டு அந்தத் தீர்ப்புக்கு முத்திரை குத்தியது.

முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. பெல்ஜியத்தில் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கோபுர அலையின் வலு கூடுதலாக இருந்த இடங்களில் ஆண் குருவிகள் குறைவாகத் தென்பட்டதாகச் சொன்னது. ஆனால் இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் ஆகிவிடாது. பிரிட்டனில் செல்பேசி வருவதற்கு முன்பே, 1970களிலேயே குருவிகள் சரியத் தொடங்கிவிட்டன. இந்திய அரசு எச்சரிக்கையாக 2012 செப்டம்பரில் கோபுரக் கதிர்வீச்சின் உச்ச அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, சென்னை போன்ற பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது.

அலைகள் பறவையைக் குழப்பும் என்பதற்கு உறுதியான சான்று வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மௌரிட்சனின் குழு, இரவில் வலசை போகும் ராபின் பறவைகளை மரக்குடில்களில் வைத்துச் சோதித்தது. அவற்றுக்குத் திசை தெரியவில்லை. குடிலுக்கு அலுமினியத் தகடு போர்த்தி, அதைத் தரையோடு இணைத்ததும் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து சரியான திசைக்குத் திரும்பின. 2014இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வில் குழப்பம் செய்தவை 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். செல்பேசி அலைகள் இதைவிட நூறு மடங்குக்கும் மேலே இருப்பவை. இந்த வரம்புக்குள் வருவது, அப்பா முள்ளை நகர்த்தித் தேடிய அதே மத்திய அலைதான். எங்கள் வீட்டுக் குருவி வலசை போகிற ஜாதியில்லை. அதனால் ரேடியோவோடு சண்டையில்லாமல் காலம் தள்ளியது.

பிறகு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். சந்து பொந்தெல்லாம் சிமெண்டால் அடைபட்டது. அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் வயலிலிருந்து நேரே கொள்முதல் நிலையம் போனது. அரிசி பையில் வந்தது. முறத்துக்கு வேலை இல்லை. பெரிய குருவி தானியத்தில் பிழைத்துக்கொள்ளும், குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். வயலிலும் கொல்லையிலும் மருந்தடித்து அதையும் ஒழித்தோம். ஏரியல் பட்டை பழைய இரும்புக்காரனுக்குப் போனது, தாத்தாவோடு கதிர்க்கொத்தும் போனது.

அலைகளின் கணக்கை ஆய்வாளர்கள் பார்க்கட்டும், பார்க்கவும் வேண்டும். ஆனால் கோபுரத்தைக் கைகாட்டுவது நமக்கு வசதி, நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு பெட்டி போதும். வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து கொத்தனாரிடம் சொல்லி, இறவாரத்தில் அப்படி ஒரு பொந்தை அடைக்காமல் விடுங்கள்.