ஒன்றரை ஷிப்டுக்குள் ஓர் உறுதி

2025 ஜனவரி 1, புதன்

நாள்காட்டி மாறுவதைச் சாக்காக வைத்து உடல், உணவு, பணம், பழக்கம் இவற்றில் ஒன்றை மாற்றுவதாக ஒருவர் தமக்குத் தாமே வாக்குக் கொடுத்துக்கொள்வது புத்தாண்டு உறுதி. நாளைப் பார்த்து முடிவெடுப்பதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. வாரத்தின் தொடக்கம், மாதத்தின் தொடக்கம், ஆண்டின் தொடக்கம் ஆகிய நாட்களை ஒட்டி உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருவோர் தொகை கூடுவதை ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரிஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். தொடங்குவது எளிது, நீடிப்பதுதான் பாடு. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் 200 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே உறுதியில் நின்றவர்கள் 19 சதவீதம்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் உள்ள அருள்புரத்தில் ஆண்டுத் தொடக்கத்துக்கு அப்படித் தனி மரியாதை கிடையாது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கும் நான்கு நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. ஜனவரி 1 அந்த வரிசையில் இல்லை. பனியன் கம்பெனிகளில் காலத்தை அளக்கும் கோலும் வேறு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்த டைலர் இரவு எட்டரைக்கு எழுந்தால் அது ஒன்றரை. தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டு மணிக்குள் கிளம்பும் ஒரு செக்கிங் பெண்ணிடம் ‘தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடை’ என்று சொல்வது, யாரோ ஒருவருடைய நாளை அவருக்குக் கடன் கொடுப்பது. அறிவுரைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே அவரைக் கைவிட்டுவிடுகின்றன.

ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு ஊர் காலியாகும். மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடும். ஜனவரி 1இல் எடுத்த உறுதி இரண்டு வாரத்தில் சொந்த ஊர் விருந்தில் முறிவது இங்கே ஏறக்குறைய நிச்சயம். ஆகவே இந்தப் பகுதிக்கான உண்மையான ஆண்டுத் தொடக்கம் பொங்கல் முடிந்து கம்பெனி திறக்கும் திங்கட்கிழமைதான். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா என்று 2008இலும் 2011இலும் சட்டமன்றம் இரண்டு விதமாக முடிவெடுத்தது. பனியன் ஊரைக் கேட்டிருந்தால் இரண்டையும் விட்டு, ஆட்கள் திரும்பிவரும் நாளைச் சொல்லியிருக்கும்.

ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2010இல் அச்சான முடிவு: நடுவளவு 66 நாட்கள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 நாட்கள் வரை. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகத் தடைப்படவில்லை. அவசர ஆர்டர் வந்து விடியும் வரை வேலை பார்த்த நாளைத் தோல்வியாக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

உறுதிமொழி எடுப்பதும் தவறுவதும் தனிமனிதர் கதை மட்டும் அல்ல. இந்த வட்டாரமே ஒரு முறை அதற்குள் சிக்கி வெளியே வந்திருக்கிறது. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு வைத்தது. கெடு நீண்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கொடுத்தது. அதுவும் போயிற்று. 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

நொய்யல் படுகை விவசாயிகள் வழக்காடி வாங்கிய இந்தத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறியதற்கு ஊரின் மனசாட்சி திடீரென்று விழித்துக்கொண்டதைக் காரணமாகச் சொல்ல முடியாது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயம் போடும் தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாடு குழாயிலும் இயந்திரத்திலும் பொருத்தப்பட்டது; அதற்கு அரசு கடன் கொடுத்தது; கண்காணிப்பு வந்தது. அருள்புரத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நன்னீரைப் பிரித்தெடுப்பதோடு, மிஞ்சும் உப்புக்கரைசலையும் சாயத்துக்கே திருப்பித் தரும் முறைக்காகப் பேசப்படுகிறது. வாக்குறுதியாக இருந்தவரை தவறிக்கொண்டே இருந்த ஒன்று, வேலையின் ஓட்டத்துக்குள் நுழைந்த பிறகு நடந்தது. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த பழைய சேதம் இதனால் அழிந்துவிடவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கொங்கு நாட்டில் நடைப்பயிற்சிக்கு யாரும் பிரச்சாரம் செய்யாமலேயே ஆண்டுதோறும் கூட்டம் கூடும் ஒரு வேளை உண்டு. பல்லடம் பக்கத்திலிருந்து பழனிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். இரவும் பகலுமாகக் குழுக் குழுவாக நடக்கிறார்கள். பத்து நிமிடம் நடந்தால் முட்டி வலிக்கிறது என்பவர்களும் அதில் உண்டு. வேண்டுதல், மாலை, குழு, தேதி, போய்ச்சேரும் இடம் என்று உளவியலாளர்கள் கேட்கும் அத்தனையும் அங்கே முன்பே இருக்கின்றன. குறை ஒன்றுதான்: பழனியில் இறங்கியதும் அடுத்த தை வரை கால் ஓய்வெடுத்துவிடுகிறது.

உலக சுகாதார அமைப்பு கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அது 2020இல் கைவிட்டது. அருள்புரத்துக்கு இது பெரிய சலுகை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சுற்று, கம்பெனி வண்டியிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி வீட்டுக்கு நடப்பது, மாடிக்குப் படியேறுவது எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் வேலையைப் பார்த்துத்தான் யோசனை சொல்ல வேண்டும். ஓவர்லாக் டைலருக்கு எழுந்து நடப்பது மருந்து. பகல் முழுக்க நின்றபடி செக்கிங்கும் அயர்னிங்கும் செய்பவருக்கு முதல் தேவை உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வது.

மார்ச் 7, வெள்ளி

ஜனவரி 1இல் தொடங்கியவருக்கு இன்று 66ஆவது நாள். எதைத் தொடங்குவது என்று கேட்டால், அருள்புரத்தில் விடை டீ டம்ளரில் இருக்கிறது. காலை வீட்டில், கம்பெனியில் இரண்டு முறை, ஓவர்டைமுக்கு ஒரு முறை, வேலை விட்டதும் பேக்கரியில் ஒன்று. டம்ளருக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்று வைத்தால் நாளுக்கு நாற்பது கிராமைத் தொட்டுவிடும். சேர்க்கும் சர்க்கரை 25 கிராம் அளவுக்குள் நிற்பது கூடுதல் நன்மை என்பது உலக சுகாதார அமைப்பின் கருத்து. பேக்கரியில் டீயோடு வரும் பன்னும் பப்ஸும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

டீயை விட்டுவிடு என்பது நடக்காத பேச்சு. மிஷின் சத்தத்திலிருந்து தலைதூக்கப் பத்து நிமிடம் கிடைப்பதே அந்த டீயால்தான். ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றைத் தவிர்ப்பதாக உறுதி எடுத்தவர்களில் 47 சதவீதம் பேரும், ஒன்றைப் புதிதாகச் செய்வதாக எடுத்தவர்களில் 59 சதவீதம் பேரும் ஓராண்டு முடிவில் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ‘சர்க்கரையை விடுவேன்’ என்பதைக் காட்டிலும் ‘நாலு மணி டீக்கு ஒரு கை சுண்டல்’ என்பது நிலைக்க வாய்ப்பு அதிகம். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கண்டிருக்க, மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடம் விடுவது சிறிய மாற்றம் அல்ல. கொள்ளு, பச்சைப்பயறு, கம்பு, ராகி எல்லாம் கொங்குச் சமையலுக்குப் புதியவை அல்ல; அவற்றை ஊறவைக்கவும் வேகவைக்கவும் வேண்டிய நேரம்தான் ஒன்றரை ஷிப்டில் கரைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை முளைகட்டி வைத்தால் திங்களும் செவ்வாயும் ஓடும்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது. அயர்னிங் மேசையின் நீராவியோடு வெளி வெப்பமும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் குடிப்பது இந்த மாதத்துக்கான உறுதி. ஆனால் அது தனிமனித உறுதி மட்டும் அல்ல. கழிப்பறை போதாத இடத்திலும், எழுந்துபோனால் லைன் சூப்பர்வைசர் முகம் சுளிக்கும் இடத்திலும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் அதன் விலை. குடிநீரும் கழிப்பறையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முதலாளிமேல் சுமத்திய கடமைகள். பாட்டிலில் கோடு போட்டு மணிக்கு மணி குடிக்கச் சொல்லும் அறிவுரை, கதவு பூட்டிய கழிப்பறைக்கு முன்னால் செல்லாது.

ஆகஸ்ட் 27, புதன்

இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா விதித்த வரி இன்று 50 சதவீதமாக உயர்ந்தது. ஆண்டுக்கு ரூ.44,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு அமெரிக்காதான் பெரிய சந்தைகளில் ஒன்று. அந்த ஆர்டர்களை நம்பிய கம்பெனிகளில் ஓவர்டைம் குறைந்தது. உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்று சொன்னவருக்கு நேரம் வந்தது. பழம் வாங்கக் காசில்லாமல் போயிற்று. நேரமும் கூலியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் ஊரில் இலக்கை அளவாக வைப்பதே அறிவு. பெரிய சேமிப்பை விட வாரச் சீட்டில் தவறாத சிறு தொகை. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவருக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கும் இ.எஸ்.ஐ.யில், தகுதிக்கான சந்தா நாட்கள் இருந்தால், நோய்க்கால விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து வைப்பதும் ஆரோக்கிய உறுதிதான். அதை யாரும் புத்தாண்டுப் பட்டியலில் எழுதுவதில்லை.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்தைய சம்பள நாள். சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையாத போனஸ் கைக்கு வரும் வாரம். ஆண்டு முழுதும் கட்டிவந்த தீபாவளிச் சீட்டும், வார வட்டிக்காரரும் ஒரே வாசலில் சந்திக்கும் வேளை.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய உத்தி இந்தச் சனிக்கிழமைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ‘குடியைக் குறைப்பேன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது. சம்பளக் கவர் கைக்கு வந்தால் முதலில் சீட்டுக்காசும் மளிகைக்கடைப் பாக்கியும், பிறகு கடைத்தெரு வழியாக அல்லாமல் மறுபக்கத்து வழியாக வீடு. 2006இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த முறைக்கு நடுத்தரத்திலிருந்து பெரிய அளவு வரை பலன் தெரிந்தது.

எழுதிவைப்பதும் உதவும். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான எடைக்குறைப்பு ஆய்வில், தினமும் உண்டதை எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல் இரு மடங்கு எடை குறைத்தார்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் டைலரிடம் இதற்கான நோட்டு ஏற்கெனவே இருக்கிறது. அன்றைக்கு அடித்த பீஸை அவர் எழுதாமல் விடுவதே இல்லை. அதே பக்கத்தின் ஓரத்தில் டீ எத்தனை, நடை எத்தனை நிமிடம் என்று இரண்டு எண் சேர்க்கத் தனி டைரி தேவையில்லை.

டிசம்பர் 27, சனி

கார்த்திகை முதல் நாளான நவம்பர் 17இல் மாலை போட்டவர்களுக்கு இன்று 41ஆவது நாள், சபரிமலையில் மண்டல பூஜை. இந்த 41 நாளும் பீடி, சிகரெட், மதுவைத் தொடாதவர்கள் அருள்புரத்திலும் தெருவுக்குச் சிலர் இருப்பார்கள். சிகரெட்டை நிறுத்திய முதல் சில நாட்களில் உடல் படுத்தும் பாடு மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாலை கழற்றும்போது கஷ்டமான கட்டம் கடந்தே போயிருக்கிறது. பிறகும் பலர் திரும்புவதற்குக் காரணம் உடல் அல்ல. ‘சாமி’ என்று அழைத்த கூட்டம் கலைந்துவிடுகிறது, பழைய கூட்டம் பழைய பெயரோடு காத்திருக்கிறது. இந்த ஆண்டு அந்த நாள் சனிக்கிழமைச் சம்பள நாளிலேயே வந்து விழுந்திருப்பது கூடுதல் சோதனை.

புகையிலையை நிறுத்த ஆலோசனை தரும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 11 2356. மாலை போட்ட குருசாமியோ கூட மலைக்குப் போனவரோ தை பிறக்கும்வரை தினம் ஒரு முறை விசாரித்தால், 41 நாள் லாலி கண்ட 66ஐ நெருங்கிவிடும். கூடவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளும் தருணம் இது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேரே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பின்னர் அதன் பரிசோதனை பணியிடங்களுக்கும் நீண்டது. நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்கிறது. அது எந்த மாதம், எந்த இடத்தில், கூலி பிடிக்காமல் நடக்குமா என்பதைக் கம்பெனி அலுவலகத்தில் கேட்டு, பீஸ் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம்.