இடி விழுந்த பனையின் மணம்

2022 மார்கழியில் வன்னிப் பட்டிகளில் மாடுகள் விறைத்துச் செத்துக் கிடந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நூற்றுக்கணக்கில் போயின. அதே கிழமைதான் வானம் சாம்பல் பூத்தது. காற்று கெட்டுவிட்டதென்று டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகளை மூடினார்கள். புகைதான் மாட்டைக் கொன்றது என்று ஊரே பேசியது. கனடாவிலிருக்கும் மாமாவும் அதையே நம்பி, ஒரு காற்றுச் சுத்திகரிப்பியை அனுப்பிவைத்தார்.

பெட்டியை அம்மம்மாவின் அறையில், லவ் பேர்ட்ஸ் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “போட்டா மழை பெய்த மணம் வரும், அதுதான் சுத்தக் காத்து” என்றார் மாமா. அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“உது மழை மணமில்லைப் பிள்ளை. இடி விழுந்த பனையடியில அண்டைக்கு வந்த மணம்.”

எத்தனை தரம் கேட்டாலும் இதே பதில். மூன்றாம் நாள் ஒரு குருவி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் ஏறி இறங்கியது. எனக்கு நெஞ்சு பதறியது. பெட்டியை நிறுத்தினேன்.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது? முதலில் மாமாவின் மழையைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் அலைந்தேன். மண்வாசனைக்கு 1964இல் பெயர் வைத்தவர்கள் இரண்டு அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள். அதைத் தருவது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மினும், செடிகளின் எண்ணெயும். பெட்டிக்குள் மண்ணுமில்லை, செடியுமில்லை. அந்த வழி அதோடு அடைபட்டது.

பிறகொருநாள் ஏ9 வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குள் நுழைந்தேன். பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் ஏறியது அதே மணம்! வீட்டுக்கு வந்து பெட்டியின் துண்டுப்பிரசுரத்தை விரித்தேன். ‘வடிகட்டி மாற்றத் தேவையில்லை’ என்று பெருமையாகப் போட்டிருந்தது. உள்ளே ஊசிமுனைகள், அவற்றில் உயர் மின்னழுத்தம். மின்னல் வானத்தில் செய்வதை ஊசி அறைக்குள் செய்கிறது: ஒட்சிசனை உடைக்கிறது, உடைந்த அணு ஒவ்வொன்றும் உடையாத ஒட்சிசன் மூலக்கூறொன்றோடு சேர்ந்து ஓசோனாகிறது. மின்பொறியின் இந்த மணத்தை 1785இலேயே வான் மாரம் என்ற ஒல்லாந்தர் கவனித்திருக்கிறார். 1839இல் சோன்பைன் என்பவர் அதைத் தனிப்பொருளாகக் கண்டு, ‘மணக்கும்’ என்ற பொருள்பட கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார். அம்மம்மாவின் மூக்குக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. வீட்டுச் சுத்திகரிப்பி பத்து இலட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் விடக்கூடாது என்கிறது கலிபோர்னியாவின் சட்டம். நாய், பூனைக்கும் அது கெடுதிதான், ஆனால் பறவையின் பாடு வேறு. அதன் நுரையீரலில் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டேயிருக்கும். இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே மிக மெல்லிய சவ்வு மட்டுமே. பறக்கப் பிறந்த உடம்பு, கெட்ட காற்றையும் அதே வேகத்தில் குடித்துவிடுகிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கனேரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான்.

குருவியை விறாந்தைக்கு மாற்றினேன். இரண்டு நாளில் வால் அடங்கியது. தினை கொறித்தது.

மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

“அப்ப மாடுகள்?” என்றார்.

கால்நடை வைத்தியர்கள் பரிசோதித்துச் சொன்னது புகையை அல்ல. மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றும் மழையும், கூரையில்லாத பட்டியும்.

“குளிர், மாமா. இனிப் பெட்டி வேண்டாம். பட்டிக்கு மறைப்புக் கட்டக் கிடுகுக்குக் காசு அனுப்புங்கோ.”