மாமா கதவைத் தட்டும் விதம்

என் மாமா போலீஸில் ஏட்டாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படிக்கு நேரே நின்று கதவைத் தட்டவே மாட்டார். நிலைக்கு ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டித் தட்டுவார். கதவைத் திறந்தால் எதிரே ஒருவரையும் காணோம்! என் தாயார் எத்தனையோ தடவை பயந்து போயிருக்கிறார். ஹோட்டலிலும் அப்படித்தான். விசிறிக்கு அடியில் இடமிருந்தாலும் வேண்டாம். சுவருக்கு முதுகைக் கொடுத்து வாசலைப் பார்த்தபடி உட்காருவார்.

"சம்பந்தி வீட்டிலுமா, மாமா?" என்று ஒரு சமயம் பரிகாசம் செய்தேன்.

"முப்பது வருஷம் ராத்திரி ரோந்து போன உடம்பு, அப்பா! அது இடம் பார்த்துத்தான் நிற்கும்" என்றார்.

பிறகு சாவகாசமாக விளக்கினார். டார்ச் லைட்டை மார்புக்கு நேரே பிடிக்கக்கூடாது. கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கவேண்டும். தாக்க நினைப்பவன் வெளிச்சத்தைத்தான் குறி வைப்பான். வண்டியை நிறுத்தினால் ஓட்டுகிறவனுடைய ஜன்னலுக்குச் சற்றுப் பின்தள்ளி நிற்கவேண்டும். முகம் எவ்வளவு சாந்தமாயிருந்தாலும் கைகளைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்ட நிற்கவேண்டும்.

எட்ட என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்து 1983-ல் எழுதினார். கத்தியுடன் ஓடி வருகிறவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறானாம். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. என் மாமாவிடம் இருந்ததோ வெறும் லத்தி! லத்தி என்றதும் நம் தேசத்தாருக்குப் பழைய ஞாபகங்கள் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் அது சத்தியாக்கிரகிகளின் மண்டையில் இறங்கிய ஆயுதமல்லவா? அதை ஏந்தி நள்ளிரவில் போகிறவனும் உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்பது எனக்கு வெகு நாள் தோன்றவில்லை.

"கவாத்து எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். ஓரமாக நிற்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு கிழட்டு ஏட்டையாதான்" என்றார் மாமா.

2021 நவம்பர் 21 அன்று விடியுமுன், திருச்சி ஜில்லா நவல்பட்டைச் சேர்ந்த ஒரு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு புதுக்கோட்டை ஜில்லா கீரனூர்ப் பக்கம் வரை போனார். அங்கே வெட்டுண்டு மாண்டார். கைதானவர்களில் இருவர் வயது நிரம்பாத சிறுவர்கள். இரவு ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்லவேண்டும் என்று டி.ஜி.பி. அப்போது சொன்னார்.

மாமா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஏன் மாமா, எட்ட நின்றிருந்தால்..." என்று ஆரம்பித்தேன்.

"பையன்கள், அப்பா. பையன்கள் என்றால் நானும் கிட்டத்தான் போயிருப்பேன்."

வேறொன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

மறுநாள் மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்த என் தாயார் எதிரே ஒருவரையும் காணாமல் வழக்கம்போல் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை நீட்டி ஓரமாகப் பார்த்து, "வா, அண்ணா" என்றார்.