ஒரே தூணில் இரண்டு படகு

டிசம்பர் 4, 2023
கரண்ட் இல்லை. மிக்ஜாம் புயல் மழை விடாமல் கொட்டுகிறது. கீழ்வீட்டு ஜன்னல் வரை தண்ணீர்.

டிசம்பர் 5
கிண்டியில், ஃபைவ் பர்லாங் சாலைப் பக்கம், படகு! முதலில் வந்த பெரியவர் கயிற்று வளையத்தை எங்கள் கேட் தூணில் மாட்டிவிட்டுக் கீழ்வீட்டுப் பாட்டியைத் தூக்க வந்தார். பின்னால் வந்த பையன் அதே தூணில், அந்த வளையத்துக்கு மேலேயே தன்னுடையதைப் போடப் போனான்.

"டேய், அடில விட்டு எடுடா! நான் கெளம்பணும்னா உன்னக் கெஞ்சணுமா?"

பையன் தன் வளையத்தைப் பெரியவரின் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து மேலே இழுத்து, பிறகு தூணில் மாட்டினான். பாட்டியோடு பெரியவர் கிளம்பியபோது தன் வளையத்தை மட்டும் உருவிக்கொண்டார். பையனின் படகு அசையவில்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

டிசம்பர் 6
பெரியவர் பால் பாக்கெட்டோடு வந்தார். காசிமேட்டுக்காரர். நேற்றைய வித்தையைக் கேட்டேன்.

"ஹார்பர்ல கப்பலுக்கும் இதான்க்கா. முன்னால நிக்கிற கப்பலோட பின்கயிறும், பின்னால நிக்கிறதோட முன்கயிறும் ஒரே பொல்லார்டுல, அதான் கரைல கயிறு மாட்டுற தூண்ல, விழும். எது மொதல்ல போகும்னு யாருக்குத் தெரியும்?"

சும்மா மேலே போட்டுவிட்டால், அடியில் இருப்பது வெளியே வர மேல்கயிற்றைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அந்தக் கப்பல் கரையை விட்டு விலகும். மூன்றாவது கயிறு வந்தால் இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைந்து வர வேண்டுமாம்.

"எத்தன போட்டாலும் தூண் தாங்கணும்ல" என்று எங்கள் தூணைத் தட்டிப் பார்த்தார். அப்பா கட்டியது.

புயல் என்றால் பெரிய கப்பல்களைத் துறைமுகத்தில் வைக்காமல் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கும் நிம்மதி இல்லை. 2012 நீலம் புயலில் பிரதீபா காவேரி நங்கூரத்தை இழுத்துக்கொண்டே வந்து எலியட்ஸ் கடற்கரையில் தரைதட்டியது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும்தான். மாலுமிகள் செத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் 8
ஃபைவ் பர்லாங் சாலைக் கட்டுமானப் பள்ளத்தில் சிக்கியவர்களை உடலாகத்தான் எடுத்தார்கள். எழுத முடியவில்லை.

டிசம்பர் 11
சேறு. சேறு.

டிசம்பர் 17
ராத்திரி கொடிக்கயிற்றில் இரண்டு வளையம் முடிந்து தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். எதை முதலில் எடுத்தாலும் வருகிறது.

காலையில் அண்ணன் போன். வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராம், வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "அப்ப மாடி எனக்குத்தானேண்ணா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். சுவரில் ஈரம் காயட்டும், சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.